ஆதாரம் காட்டியும் தங்கை ஏன் அசையவில்லை?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். தங்கைக்கு 21 வயது, கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியைப் போட்டுக்கொள்ளச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். “ரூம்ல ஒருத்தியும் போடலண்ணா, போட்டா பின்னாடி குழந்தை பிறக்காதாம்” என்று அவள் மறுக்கிறாள். நீங்கள் கட்டுரை கட்டுரையாக வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள். நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. “நுண்ணுயிரியல் படிக்கிறவளுக்கே இது புரியவில்லை என்றால் யாருக்குப் புரியும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது தடுப்பூசி பற்றிய கேள்வி. நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது. உங்களிடம் இருந்த அத்தனை ஆதாரமும், அதே பாடத்தைப் படிக்கும் மூன்று அறைத்தோழிகளின் ஒரு வரிப் பேச்சிடம் எப்படித் தோற்றது? அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் சமூக மருத்துவம் படித்தவள். எட்டு வருடம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருந்தேன். அதன்பிறகு மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே தடுப்பூசி முகாம்களை மேற்பார்வை பார்த்துவருகிறேன். மகப்பேறு மருத்துவரோ மனநல மருத்துவரோ அல்ல. உங்கள் தங்கையைப் பரிசோதித்தவளும் இல்லை. அதனால் அவளுக்கு எந்த நிறுவனத்தின் ஊசி, எத்தனை தவணை என்பதை அவளுடைய மருத்துவரிடமே விட்டுவிடுகிறேன். இந்த வயதுப் பிள்ளைகள் ஊசி வரிசையில் வந்து நிற்பதையும், பாதியில் நழுவிப் போவதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன்.

குழந்தை பிறக்காது என்ற பேச்சை முதலில் முடித்துவிடலாம். அது பொய். அமெரிக்காவில் சுமார் 2 லட்சம் பெண்களின் மருத்துவப் பதிவுகளை அலசி 2018-இல் வெளிவந்த ஆய்வில், இந்த ஊசிக்கும் சினைப்பை முன்கூட்டியே செயலிழப்பதற்கும் தொடர்பு தென்படவில்லை. ஊசியில் இருப்பது, இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற வைரஸின் மேலுறைப் புரதம் மட்டுமே. உள்ளே மரபணுவே கிடையாது, உடம்புக்குள் பெருகவும் முடியாது. நுண்ணுயிரியல் மாணவிக்கு இதை ஒரு வரியில் சொன்னால் போதும். பலனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கவனமாக இருங்கள். ஸ்வீடனில் 2020-இல் வெளியான பெரிய ஆய்வில், 17 வயதுக்குள் போட்டுக்கொண்டவர்களுக்கு இந்தப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்திருந்தது. 17-இலிருந்து 30-க்குள் போட்டவர்களுக்கு 53 சதவீதம்தான் குறைந்தது. இந்த இரண்டாவது எண்ணை மறைக்காதீர்கள். ஏற்கனவே தொற்றிவிட்ட வைரஸை ஊசியால் விரட்ட முடியாது. வயது ஏற ஏறப் பலன் குறைவதற்கு அதுதான் முக்கியக் காரணம். தொற்று இல்லாதவளுக்கு 21 வயதிலும் நல்ல பாதுகாப்பு கிடைக்கும். நம் நாட்டில் வருடத்துக்கு ஒன்றேகால் லட்சம் பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வருகிறது, ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இறந்துபோகிறார்கள். பிழைத்தவர்களில் பலர் கர்ப்பப்பையை இழந்துதான் பிழைக்கிறார்கள். குழந்தைப் பேற்றைப் பறிப்பது இந்த நோய்தான். அதைத் தடுக்க வந்த ஊசியின் மேல் அந்தப் பழி விழுந்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

இதையெல்லாம் நீங்கள் ஏற்கனவே அனுப்பியிருப்பீர்கள். அப்படியும் ஏன் எடுபடவில்லை? மற்றவர்கள் நம்மை இரண்டு வழிகளில் மாற்றுகிறார்கள் என்று சமூக உளவியலில் சொல்வார்கள். ஒன்று, “நாலு பேர் செய்கிறார்கள், அவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கும்” என்று எண்ணி மாறுவது. இன்னொன்று, “நாலு பேருக்கு நடுவில் நான் மட்டும் தனியாக நிற்கக் கூடாது” என்று மாறுவது. நீங்கள் அனுப்பிய கட்டுரைகள் முதல் வழிக்கு மட்டுமே பதில் சொல்கின்றன. 21 வயதில், வீட்டை விட்டு வந்து, நான்கு பேர் ஒரே அறையில் படுத்து எழும் இடத்தில், இரண்டாவது வழிதான் பலமானது. ஊசி போட்ட கையோடு அறைக்குத் திரும்பினால் என்ன பேச்சு கிளம்பும் என்பதை அவள் முதலில் யோசிப்பாள். சினைப்பை அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வரும்.

உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் அமெரிக்காவில் செய்த சோதனையை மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் உள்ள மூன்று கோடுகளில் எது இதே நீளம் என்று கேட்பார்கள். பார்த்தாலே தெரியும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் முன்பே சொல்லிவைக்கப்பட்டவர்கள், வேண்டுமென்றே தவறான கோட்டைக் காட்டுவார்கள். விவரம் அறியாத அந்த ஒருவர் சொன்ன விடைகளில் மூன்றில் ஒரு பங்கு, கூட்டத்தோடு சேர்ந்து தவறாகிப் போனது. எல்லோருக்கும் நினைவில் நிற்பது இந்தப் பகுதிதான். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த பகுதி. கூட்டத்தில் ஒரே ஒருவரைச் சரியான விடை சொல்ல வைத்தபோது, அந்தத் தவறுகள் பெரும்பாலும் மறைந்துபோயின. பெரும்பான்மை அப்படியேதான் இருந்தது. பக்கத்தில் ஒரு துணை கிடைத்தது, அவ்வளவுதான். உங்கள் தங்கைக்கு இல்லாதது அந்த ஒரு துணை. அண்ணன் அந்தத் துணையாக முடியாது, ஏனென்றால் நீங்கள் அந்த அறையில் இல்லை.

2021 ஜூலையில் ஒரு கலைக் கல்லூரியில் கொரோனா ஊசி முகாம் போட்டோம். காலை ஒன்பதரைக்கு மேசை, குளிர்பெட்டி, செவிலியர்கள் எல்லாம் தயார். பதினொன்று வரை பதினேழு பேர்தான் வந்தார்கள், அதில் பாதி ஆசிரியர்கள். மாணவர்கள் வராந்தாவில் கூட்டமாக நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல்வர் ஒலிபெருக்கியில் மூன்று முறை அழைத்தார், ஒவ்வொரு அழைப்புக்கும் கூட்டம் ஒரு அடி பின்னால்தான் போனது. எங்கள் செவிலியர் ஒருவர் ஒன்று செய்தார். மேசையைக் கட்டடத்துக்குள்ளிருந்து எடுத்து வேப்பமரத்தடியில் போடச் சொன்னார். ஊசி போட்டுக்கொண்டவர்களை அரை மணி நேரம் அங்கேயே திண்டில் உட்கார வைத்தார். கைப்பந்து அணிப் பிள்ளைகள் நாலைந்து பேர் போட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்து கதையடிப்பதை வராந்தா முழுக்கப் பார்த்தது. ஒருவன் கையைத் தூக்கி, “டேய், எறும்பு கடிச்ச மாதிரிதான்டா” என்றான். அதன்பிறகு மூன்று மணிக்குள் கொண்டுபோன மருந்து தீர்ந்துவிட்டது. அன்று வராந்தாவில் நின்றவர்களிடம் புதிதாக எந்தத் தகவலையும் நாங்கள் சொல்லவில்லை. அறைக்குள் மறைந்து நடந்தது வெளிச்சத்துக்கு வந்தது, அவ்வளவே.

இதே விசை எதிர்த்திசையிலும் இழுக்கும். நடிகர் விவேக் விஷயத்தில் தமிழ்நாடே அதைக் கண்டது. 2021 ஏப்ரல் 15-ஆம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், எல்லோரும் பார்க்கக் கொரோனா ஊசி போட்டுக்கொண்டு, மக்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். மறுநாள் மயங்கி விழுந்தார். 17-ஆம் தேதி காலை இறந்துவிட்டார். இதயத்தின் முக்கிய ரத்தக் குழாய் முழுவதும் அடைபட்டிருந்ததாக மருத்துவர்கள் சொன்னார்கள். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு, மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று முடிவு சொன்னது. ஆனால் அந்த முடிவு வெளிவரும்போது அக்டோபர் ஆகிவிட்டது. ஆறு மாதம் வதந்திக்குப் போட்டியே இல்லை. 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நாள்தோறும் லட்சக்கணக்கில் ஊசி போடும்போது, ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் அன்றோ மறுநாளோ மாரடைப்பு வரவிருந்த சிலரும் அந்த வரிசையில் இருப்பார்கள். கணக்குப்படி இது சரி. ஆனால் ஒரு மாநிலமே நேசித்த மனிதரை இழந்த அன்று கணக்கு பேசினால் யார் காதில் ஏறும்? அந்த வாரம் எங்கள் மையத்துக்கு வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தார்கள். மே மாதத்தில் ஆக்சிஜன் படுக்கைக்கு ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்ற பிறகுதான் கூட்டம் திரும்பி வந்தது. செப்டம்பர் 12-ஆம் தேதி நடந்த முதல் மெகா முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டார்கள். ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் நடுவில் ஊசியின் அறிவியல் மாறவில்லை. பக்கத்து வீட்டில் என்ன நடந்தது என்பது மாறியிருந்தது.

உடற்பயிற்சிக் கூடத்தில் விழுந்து இறந்தான், கல்யாண மேடையில் சரிந்தான் என்று இன்றும் இளைஞர்களின் கைபேசிகளில் சுற்றும் காணொளிகளும் இதே வகை. உங்கள் தங்கையின் அறையிலும் அவை கட்டாயம் ஓடியிருக்கும். 18 முதல் 45 வயது வரையுள்ளவர்களின் திடீர் மரணங்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 47 மருத்துவமனைகள் வழியாக ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டது. இறந்த 729 பேரை அதே வயது, அதே பகுதியைச் சேர்ந்த 2,916 பேரோடு ஒப்பிட்டார்கள். இரண்டு தவணை கொரோனா ஊசி போட்டவர்களிடம் அபாயம் குறைவாகவே இருந்தது. குடும்பத்தில் முன்பு திடீர் மரணம் நடந்திருப்பது, கொரோனாவால் மருத்துவமனையில் கிடந்தது, இறப்பதற்கு முந்தைய இரண்டு நாட்களில் மிதமிஞ்சிக் குடித்தது அல்லது உடலைக் கடுமையாக வருத்தியது, இவைதான் அபாயத்தைக் கூட்டின. ஆனால் அந்த ஆய்வுக்கு முகம் கிடையாது. சரிந்து விழும் பையனுக்கு முகம் உண்டு.

ஊசி போட்டுக்கொண்டு நலமாக இருப்பவர்கள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பதுதான் இந்த விஷயத்தில் என்னை அதிகம் உறுத்துவது. பேச என்ன இருக்கிறது? கை வலித்தது, ஒரு ராத்திரி காய்ச்சல் அடித்தது, மறந்துபோனது. மறுத்தவர்களுக்கும் பயந்தவர்களுக்கும் கதை இருக்கிறது. அதனால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு மறுப்பவர்களே பெரும்பான்மை என்று தோன்றிவிடும். கொரோனா காலத்தில் 23 நாடுகளில் முகநூல் வழியாகப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. தங்கள் ஊரில் எத்தனை பேர் ஊசிக்குத் தயார் என்பதை மக்கள் உண்மையைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். சரியான எண்ணைச் சொன்னதும், தயங்கியவர்களில் ஒரு பகுதியினரின் எண்ணம் மாறியது. “ரூம்ல ஒருத்தியும் போடல” என்று தங்கை சொன்னாளே, அது உண்மையா என்று அவளிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அம்மா கூட்டிப்போய்ப் போட்டுவிட்டதை வெளியே சொல்லாமல் இருக்கும் பெண்கள் நம் விடுதிகளில் இருக்கிறார்கள். எனக்கே இரண்டு மாணவிகள் தனியாக வந்து சொல்லியிருக்கிறார்கள். இருவரும் ஒரே வகுப்பு, ஒருத்தி போட்டது இன்னொருத்திக்குத் தெரியாது.

ஏன் சொல்வதில்லை என்பதையும் பேசத்தான் வேண்டும். எச்.பி.வி. உடலுறவு வழியாகப் பரவும் வைரஸ். கல்யாணமாகாத பெண் இந்த ஊசியைப் போட்டாள் என்றால், “எதுக்கு இவளுக்கு இது?” என்று ஒரு பார்வை வரும். போலியோ சொட்டு மருந்துக்கும் அம்மை ஊசிக்கும் இந்தச் சுமை இருந்ததில்லை. குழந்தை பிறக்காது என்று சொல்லி மறுப்பது ஒரு பெண்ணுக்கு எளிது, அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. தோழிகள் என்ன நினைப்பார்களோ என்று கூசுகிறேன் என்பதை அண்ணனிடம் எப்படிச் சொல்வாள்? இதனால்தான் குழந்தையின்மை பற்றிய ஆதாரத்தை நீங்கள் எத்தனை அனுப்பினாலும் அவள் அசையாமல் இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். அவள் சொன்ன காரணமும் அவளைத் தடுக்கும் காரணமும் ஒன்றாக இல்லாமல் இருக்கலாம். இது என் ஊகம்தான், உங்கள் தங்கையைப் பார்க்காமல் சொல்வது. ஆனால் இந்த ஊகம் சரியாக இருந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இனி, தயங்குகிறவர்களுக்காகவும் கொஞ்சம் பேச வேண்டும். அவர்களின் அவநம்பிக்கை வானத்திலிருந்து குதித்ததல்ல. 2009-இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சுமார் 24 ஆயிரம் பள்ளிச் சிறுமிகளுக்கு இந்த ஊசியைப் போடும் ஒரு திட்டம் நடந்தது. அவர்களில் ஏழு பேர் பின்னர் இறந்தார்கள். பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து என்று காரணங்கள் இருந்தன. மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றுதான் விசாரணைக் குழுவும் சொன்னது. ஆனால் அதே விசாரணையில் இன்னொன்றும் வெளியே வந்தது. பழங்குடிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல், விடுதிக் காப்பாளரும் தலைமை ஆசிரியரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அது அநியாயம். நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் கடுமையாகக் கண்டித்தது சரியே. ஒரு மருத்துவராக இதை நான் மழுப்ப விரும்பவில்லை. கேட்காமல் போட்ட கையெழுத்துகள் இன்றுவரை அந்த ஊசியின் மேல் கறையாக ஒட்டியிருக்கின்றன.

அந்தக் கதைக்கு நம் திண்டுக்கல் பக்கத்தோடு ஒரு தொடர்பு உண்டு. கம்மம் செய்தி பரவியதும் 2010 ஏப்ரலில் நாடு முழுவதும் இந்த ஊசி சம்பந்தப்பட்ட ஆய்வுகளை அரசு நிறுத்தியது. அப்போது இந்தியாவில் பல ஊர்களில் வேறொரு பெரிய ஆய்வும் நடந்துகொண்டிருந்தது, அதில் திண்டுக்கல் மாவட்டத்தின் அம்பிளிக்கையும் ஒரு மையம். இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்பதுதான் அதன் கேள்வி. பாதியில் நிறுத்தியதால் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே தவணையோடு நின்றுவிட்டார்கள். ஆராய்ச்சியாளர்கள் அவர்களைக் கைவிடாமல் வருடக்கணக்காகத் தொடர்ந்து கவனித்தார்கள். 2021-இல் பத்து வருட முடிவு வந்தது. இந்தப் புற்றுநோயை அதிகம் உண்டாக்கும் எச்.பி.வி. 16, 18 வகைகளின் நிலைத்து நிற்கும் தொற்றிலிருந்து ஒற்றைத் தவணையே 95 சதவீதம் பாதுகாத்திருந்தது. இளம்பெண்களுக்கு ஒரு தவணையும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னதற்கு ஆதாரமாக இருந்தவற்றில் இதுவும் ஒன்று. (அந்தச் சலுகை 20 வயதுவரைதான். 21-க்கு மேல் இரண்டு தவணை என்பது அவர்கள் பரிந்துரை. நம் ஊரில் 15 வயதுக்கு மேல் மூன்று தவணை எழுதும் வழக்கமும் இருக்கிறது. மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்.) உலகத்துக்குப் பயன்பட்ட அந்தச் சான்றைத் தந்தவர்களில் நம் ஊர்ப் பெண்களும் உண்டு என்பது உங்கள் தங்கைக்குத் தெரிந்திருக்குமா? நான் வகுப்பில் சொல்லும்போது மாணவிகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பயம் எப்படிப் பரவுகிறது, எப்படித் தணிகிறது என்பதை மற்ற நாடுகளின் அனுபவமும் காட்டுகிறது. ஜப்பானில் 2013-இல் வலியாலும் வலிப்பாலும் அவதிப்படும் சிறுமிகளின் காட்சிகள் தொலைக்காட்சியில் வந்தன. அரசு ஜூன் மாதம் தன் பரிந்துரையைப் பின்வாங்கிக்கொண்டது. 70 சதவீதம் அளவுக்கு இருந்த தடுப்பூசி விகிதம் 1 சதவீதத்துக்கும் கீழே போனது. நகோயா நகரில் ஏறத்தாழ 30 ஆயிரம் பெண்களிடம் 24 வகை அறிகுறிகளைப் பற்றி விசாரித்தார்கள். போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இடையே ஊசியைக் குற்றம் சொல்லும்படியான வேறுபாடு எதுவும் தெரியவில்லை. பரிந்துரை திரும்பி வர 2022 ஏப்ரல் ஆயிற்று. இடையில் தவறவிட்டவர்களில் பலர் அதற்குள் உங்கள் தங்கையின் வயதுக்கு வந்துவிட்டார்கள்.

அயர்லாந்து சீக்கிரம் மீண்டது. அங்கே 87 சதவீதமாக இருந்த தடுப்பூசி விகிதம் இரண்டே ஆண்டுகளில் 51 ஆகச் சரிந்தது. அந்த நேரத்தில் லாரா பிரென்னன் என்ற இளம்பெண் தானாகச் சுகாதாரத் துறையைத் தொடர்புகொண்டார். 24 வயதில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்து, குணமாகாது என்று தெரிந்த பிறகு, “என் கதையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்” என்றார். 2019 மார்ச்சில் 26 வயதில் இறந்தார். அதற்குள் விகிதம் மேலே ஏறத் தொடங்கியிருந்தது. அவர் ஒருவரால் மட்டுமே ஏறியது என்று சொல்ல மாட்டேன், பெற்றோர்களிடமும் பள்ளிகளிலும் பல அமைப்புகள் சேர்ந்து உழைத்தன. ஆனால் அந்த நோயே வந்த இளம்பெண் ஒருத்தி நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசியது, துறையின் எத்தனையோ துண்டுப் பிரசுரங்கள் எட்டாத இடத்தை எட்டியது.

பயம் உடம்பிலிருந்து உடம்புக்கும் தொற்றும். கொலம்பியாவில் எல் கார்மென் தே பொலிவார் என்ற ஊரில் 2014-இல் இந்த ஊசிக்குப் பிறகு பள்ளி மாணவிகள் மயங்கி விழத் தொடங்கினார்கள். காணொளிகள் பரவப் பரவ எண்ணிக்கை நூற்றுக்கணக்காகப் பெருகியது. ஊசி மருந்தில் கோளாறு எதுவும் அகப்படவில்லை. நாடு முழுக்கத் தடுப்பூசி விகிதம் அதல பாதாளத்துக்குப் போனது. சிறிய அளவில் இதை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு பள்ளியில், காலைச் சாப்பாடு சாப்பிடாமல் வந்த சிறுமி ஊசிக்குப் பிறகு சரிந்தாள். வரிசையில் நின்று அதைப் பார்த்தவர்களில் ஆறு பேர் அடுத்த கால் மணி நேரத்தில் சரிந்தார்கள், அதில் இரண்டு பேருக்கு இன்னும் ஊசியே போடவில்லை. அவர்கள் நடிக்கவில்லை. கை கால் சில்லிட்டு, நாடித் துடிப்பு நிஜமாகவே தாழ்ந்திருந்தது. “சும்மா நடிக்காதீங்க” என்று அன்று ஓர் ஆசிரியர் அதட்டியது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. பயத்தால் வரும் மயக்கமும் மயக்கம்தான். அந்தப் பயத்தை மதித்தால்தான் அடுத்த முறை அந்தப் பிள்ளை வரிசையில் வந்து நிற்கும்.

சமூக ஊடகங்கள்தான் எல்லாவற்றுக்கும் காரணமா என்றால், அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். ரீல்ஸ் பார்ப்பதால் தயங்குகிறார்களா, தயங்குகிறவர்கள் அத்தகைய ரீல்ஸைத் தேடிப் போகிறார்களா என்பதைப் பிரித்துக் காட்டுவது கடினம். பெரும்பாலான ஆய்வுகள் “போட்டுக்கொள்வீர்களா?” என்று கேட்டுப் பதிலைக் குறிக்கின்றன, பிறகு போட்டார்களா என்று போய்ப் பார்ப்பதில்லை. பிரபலங்களை வைத்துச் செய்யும் பிரசாரம் பற்றியும் எனக்கு அரை நம்பிக்கைதான். 1956 அக்டோபரில் அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி புகைப்படக்காரர்கள் முன் போலியோ ஊசி போட்டுக்கொண்ட படம் புகழ்பெற்றது. அமெரிக்க இளைஞர்கள் அப்போது போலியோவைக் குழந்தைகளின் நோய் என்று அலட்சியமாக இருந்தார்கள். அந்தப் படத்தால்தான் நிலைமை மாறியது என்று பலர் எழுதுகிறார்கள். அந்தக் காலத்தை ஆராய்ந்தவர்கள், இளைஞர்கள் தாங்களே அமைத்துக்கொண்ட குழுக்களுக்குத்தான் கூடுதல் பங்கு தருகிறார்கள். ஊசி போட்டவர்களை மட்டும் அனுமதிக்கும் நடன நிகழ்ச்சிகளைக்கூட அந்தப் பிள்ளைகள் நடத்தியிருக்கிறார்கள். வேப்பமரத்தடியைப் பார்த்த எனக்கு அது நம்பும்படியாக இருக்கிறது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் கட்டுரை அனுப்புவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு கட்டுரையும் அவளை அவள் அறைக்கு எதிராக உங்கள் பக்கம் வந்து நிற்கச் சொல்கிறது. அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது, அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “போட்டுக்கறதுல உனக்கு எது உறுத்துதும்மா?” கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதிலுக்கு நடுவில் திருத்தாதீர்கள். கூச்சம்தான் காரணம் என்று தெரிந்தால், அண்ணன் பேசித் தீர்க்கும் விஷயம் அது அல்ல. அக்கா முறையில் யாராவது, சித்தி மகளோ, அண்ணியோ, போட்டுக்கொண்டவர்கள் இருந்தால் அவர்களைப் பேசச் சொல்லுங்கள். கை எத்தனை நாள் வலித்தது, காய்ச்சல் வந்ததா, மாதவிலக்கில் ஏதாவது மாறியதா என்று அவள் கேட்பதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். வலியே இருக்காது என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம். வலிக்கும். அந்த ஒரு பொய் மற்ற உண்மைகளையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

அறையிலேயே ஒருத்தி தயாராக இருந்தால் இருவரும் சேர்ந்து போவதுதான் எல்லாவற்றிலும் நல்லது. என் மாணவிகளில் தனியாகப் போனவர்களைவிட ஜோடியாகப் போனவர்களே அடுத்த தவணைக்கும் தவறாமல் போயிருக்கிறார்கள். செலவை நீங்கள் ஏற்றுக்கொள்வதாக இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிலர் பணத்துக்காகத் தயங்கிவிட்டு வேறு காரணம் சொல்வார்கள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள், ஊசிக்குப் பிறகு கால் மணி நேரமாவது அங்கேயே உட்காரச் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தால் மட்டும் தள்ளிப்போட வேண்டும். முன்பு எந்த ஊசிக்காவது கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அப்படியும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவள் உடம்பு, அவள் கையெழுத்து. கம்மத்தில் நடந்த தவறை வீட்டுக்குள் நாம் செய்யக் கூடாது. இந்த ஊசியை 26 வயதுவரை போடலாம் என்றுதான் நம் நாட்டில் பொதுவாகச் சொல்கிறார்கள், அவளுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. இந்த ஐந்து வருடத்தில் அறை மாறும், தோழிகள் மாறுவார்கள். ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் 30 வயதானதும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம், சில நிமிட வேலை. அந்தப் பேச்சை அன்றைக்கு எடுக்கும்போது அவள் உங்களிடம் மனம்விட்டுப் பேசும்படி இப்போது நடந்துகொள்ளுங்கள்.